ஓட்டப் பந்தய நேரமும் வளரும் பிள்ளைகளும்

விளையாட்டு விழாவில் நெடுந்தூர ஓட்டம் முடிந்தவுடன் நம்மில் பலரும் கேட்கும் முதற் கேள்வி, "எத்தனை நிமிடம்?" என்பதாகும். அடுத்த கேள்வி, "இவள் பெரிய ஓட்டக்காரியாக வருவாளா?" என்பது. முதற் கேள்விக்குக் கடிகாரம் விடை கூறும். இரண்டாவது கேள்விக்கும் அதே கடிகாரமே விடை கூறிவிடும் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். ஆகவே பன்னிரண்டு வயதில் வென்ற சிறுமியின் மீது பெரும் பாரத்தைச் சுமத்துகிறோம்; பின்தங்கிய சிறுமியை, "உனக்கு ஓட்டம் வராது, படிப்பைப் பார்" என்று அனுப்பிவிடுகிறோம். இவ்விரண்டும் ஏன் தவறு என்பதை இங்கே காண்போம்.

முதலாவதாக, நேரம் என்பது ஓடியவரின் திறமையை மட்டுமே காட்டுவதன்று. புதுக்கோட்டையில் பயிற்சி பெற்ற ஜி. லட்சுமணன் 2017 ஜூலையில் புவனேசுவரத்தில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 5,000 மீட்டர் தூரத்தை 14 நிமிடம் 54.48 வினாடியில் ஓடித் தங்கப் பதக்கம் பெற்றார். அடுத்த மாதம் இலண்டனில் நடந்த உலகப் போட்டியில் அதே தூரத்தை 13 நிமிடம் 35.69 வினாடியில் ஓடினார். ஆயினும் இறுதி ஓட்டத்துக்குத் தகுதி பெறவில்லை. ஒரே மாதத்தில் ஒருவருடைய திறமை 78 வினாடி அளவுக்கு மாறிவிடுமா? மாறாது. பதக்கத்துக்கான ஓட்டத்தில் ஒருவரையொருவர் கவனித்து, நிதானமாகச் சென்று, கடைசிச் சுற்றுகளில் விரைவது வழக்கம். வேகமானவர்கள் நடுவில் ஓடும்போதோ அவர்களுடைய வேகமே நம்மையும் இழுத்துச் செல்லும். வெயில், புழுக்கம், காற்று, தரை ஆகியவையும் நேரத்தில் பங்கு கொள்கின்றன.

பெரிய மைதானங்களிலேயே இப்படியென்றால், நம்மைப் போன்ற பள்ளிகளின் மைதானத்தைப் பற்றிக் கூறவும் வேண்டுமோ? சுண்ணாம்புக் கோடு போட்ட 200 மீட்டர் ஓடுபாதையில் 3,000 மீட்டர் என்பது 15 சுற்று. அளவெடுக்கும்போது ஒரு சுற்றில் 2 மீட்டர் குறைந்துவிட்டால் முடிவில் 30 மீட்டர் குறைந்துவிடும். 13 நிமிடத்தில் ஓடும் மாணவிக்கு அது ஏறக்குறைய 8 வினாடி இலாபம். அவளே சரியாக அளந்த மாவட்ட மைதானத்தில் ஓடும்போது நேரம் கூடினால், "ஏன் மெதுவாக ஓடினாய்?" என்று அவளைக் கடிந்துகொள்வதில் நியாயம் உண்டா? மார்கழிக் காலையில் ஓடிய நேரத்தையும் சித்திரை வெயிலில் ஓடிய நேரத்தையும் ஒப்பிடுவதும் இத்தகையதே.

இரண்டாவதாக, ஒரே நேரம் இரு வேறு செய்திகளைக் கூறலாம். இரு மாணவியர் 1,500 மீட்டரை 6 நிமிடத்தில் முடிக்கின்றனர் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு 300 மீட்டருக்கும் முதலாமவள் எடுத்துக்கொண்ட வினாடிகள் 58, 68, 76, 80, 78. மற்றவளுடையவை 73, 73, 72, 72, 70. இரண்டையும் கூட்டினால் 360 வினாடிதான். முதலாமவளிடம் இயல்பான வேகம் இருக்கிறது. தன் மூச்சைப் பங்கிட்டுச் செலவிட அவள் இன்னும் கற்கவில்லை. கற்றுவிட்டால் அவளுடைய நேரம் வெகுவாகக் குறையக்கூடும். இரண்டாமவள் நிதானம் அறிந்தவள். கடைசியிலும் அவளிடம் பலம் மிச்சமிருக்கிறது. அவர்களில் ஒருத்தி இரண்டு ஆண்டுகளாகத் தினமும் பயிற்சி செய்பவள், மற்றவள் நேற்றுத்தான் பெயர் கொடுத்தவள் என்றால், நம் கணிப்பு மேலும் மாறும். குறைந்த பயிற்சியில் அந்நேரத்தை எட்டியவளுக்கே முன்னேற இடம் அதிகம். ஆகவே மொத்த நேரத்தோடு சுற்று நேரங்களையும் குறித்துவைத்தல் இன்றியமையாதது.

மூன்றாவதாக, வயதையும் வளர்ச்சியையும் கருத வேண்டும். பள்ளிப் போட்டிகளில் 14, 17, 19 வயதுக்குட்பட்டோர் என்று பிரிவுகள் உள்ளன. ஆனால் 13 வயதுள்ள இருவரில் ஒருத்தி உடலால் 15 வயதுப் பெண்ணைப் போலவும், மற்றவள் 11 வயதுச் சிறுமியைப் போலவும் இருப்பதை நம் வகுப்புகளிலேயே காணலாம். பெண்பிள்ளைகள் பொதுவாக 12 வயதை ஒட்டி மிக விரைவாக உயர்கின்றனர். முன்னதாக வளர்ந்தவள் அப்போது வெல்வாள். அவ்வெற்றியில் ஒரு பங்கு அவளுடைய வளர்ச்சிக்குரியது. பின்னர் உடல் பெண்மைக்குரிய மாற்றங்களை அடையும்போது ஓரிரு ஆண்டுகள் நேரம் குறையாமலே நிற்கலாம்; சற்றுக் கூடவும் செய்யலாம். இது இயற்கையே, சோம்பலும் அன்று, முடிவும் அன்று. எட்டாம், ஒன்பதாம் வகுப்பில் பல பெண்கள் ஓட்டத்தை நிறுத்திவிடுவதற்கு இவ்வுண்மையை வீட்டில் எவரும் அறியாதிருப்பதும் ஒரு காரணம்.

ஆலமரத்தால் பெயர் பெற்ற ஊர் நம் திருவாலங்காடு. ஆலங்கன்றையும் ஆமணக்கையும் அருகருகே நட்டு, ஓராண்டு கழித்துப் பார்த்தால் ஆமணக்கே உயர்ந்து நிற்கும். அதைக் கண்டு ஆலங்கன்றைப் பிடுங்கி எறிவார் உண்டோ?

இங்கிலாந்து நாட்டின் பவுலா ராட்கிளிஃப் 1986-இல், தமது 12-ஆம் வயதில், பள்ளிகளுக்கான தேசியக் காட்டுவழி ஓட்டத்தில் ஏறத்தாழ 600 பேருள் 299-ஆவதாக வந்தார். அன்று அவரை எவர் கவனித்திருப்பர்? மறு ஆண்டு அதே ஓட்டத்தில் 4-ஆவதாக வந்தார். 1992-இல் இளையோர் காட்டுவழி ஓட்டத்தில் உலக வெற்றி பெற்றார். 2003-இல் இலண்டன் மாரத்தானை 2 மணி 15 நிமிடம் 25 வினாடியில் ஓடி அவர் நிறுவிய உலகச் சாதனை 2019 வரை நிலைத்தது. நம் தமிழகத்தின் எல். சூர்யா, 2016-இல் குவாஹாத்தியில் நடந்த தெற்காசிய விளையாட்டில் 5,000, 10,000 மீட்டர் ஆகிய இரண்டிலும் தங்கம் வென்றபோது அவருக்கு வயது 25. நெடுந்தூர ஓட்டத்தின் பலம் ஆண்டுக்கணக்கில் சேருவது.

இதற்கு மாறான ஒரு நிகழ்ச்சியையும் பெற்றோர் அறிதல் நலம். அமெரிக்காவின் மேரி கெயின் 2013-இல், 17 வயதில், 1,500 மீட்டரை 4 நிமிடம் 4.62 வினாடியில் ஓடி உலகை வியக்கவைத்தார். எடையைக் குறைக்கும்படி இடைவிடாது வற்புறுத்தப்பட்டதால் மூன்று ஆண்டுகள் தமக்கு மாதவிலக்கு நின்றுபோனதையும், ஐந்து எலும்புகள் முறிந்ததையும் அவரே 2019-இல் வெளிப்படையாகக் கூறினார். மெலிந்தால் வேகம் வரும் என்று நம் பிள்ளைகள் பட்டினி கிடப்பதை ஒருபோதும் அனுமதிக்கலாகாது.

பட்டினி கிடவாமலே நம் நாட்டுப் பெண்பிள்ளைகளிடம் ஒரு குறை உண்டு. 2019–21-இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 19 வயதுள்ள இந்தியப் பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு இரத்தசோகை இருந்தது. தசைகளுக்குப் பிராணவாயுவைச் சுமந்து செல்வது இரத்தமே. அது குறைந்தால் மூச்சு வாங்கும், கால் கனக்கும், நேரம் கூடும். காரணமின்றி நேரம் கூடிக்கொண்டே போனால் பிள்ளையைத் திட்டுவதற்கு முன் இரத்தப் பரிசோதனை செய்தல் வேண்டும். முருங்கைக்கீரை, கேழ்வரகு, பயறு, முட்டை ஆகியவை வீட்டிலேயே கிடைப்பவைதாம். மருத்துவர் தரும் இரும்புச்சத்து மாத்திரையையும் தவறாமல் உண்ண வேண்டும்.

அப்படியானால் வருங்காலத்தைக் கணிக்க வழியே இல்லையா? உண்டு, ஆனால் அதற்குப் பொறுமை வேண்டும். ஓடும் மாணவி ஒவ்வொருத்தியும் ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளலாம். நாள், இடம், வெயில், சுற்று நேரங்கள், மொத்த நேரம், தன் உயரம், அவ்வாரம் எத்தனை நாள் பயிற்சி செய்தாள், ஓடி முடித்தபின் எப்படி இருந்தாள் என்று எழுதிவர வேண்டும். சென்ற ஆண்டின் தன்னோடு இவ்வாண்டின் தன்னை ஒப்பிட வேண்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு அன்று. மூன்று, நான்கு ஆண்டுகள் இப்படி எழுதிவந்தால் உடற்கல்வி ஆசிரியைக்கு ஓரளவு உண்மை புலப்படும். அத்துடன் கடிகாரம் அளக்காத ஒன்றும் தெரியவரும்: தோற்ற மறுநாளும் அவள் விருப்பத்தோடு மைதானத்துக்கு வந்தாளா என்பதே அது.

புனித சின்னப்பர் விசுவாச வாழ்வை ஓட்டப் பந்தயத்துக்கு ஒப்பிட்டதை நாம் அறிவோம். தம் வாழ்வின் இறுதியில் ஓட்டத்தை முடித்துவிட்டதைக் குறித்தே அவர் நிறைவு கொண்டார். அன்பு மாணவியரே, இவ்வாண்டு நீங்கள் முதலாவதாக வந்திருந்தாலும் கடைசியாக வந்திருந்தாலும் அடுத்த ஆண்டும் ஓட வாருங்கள். பெற்றோரே, "எத்தனை நிமிடம்?" என்று கேட்பதற்கு முன், "நன்றாக ஓடினாயா, அம்மா?" என்று கேளுங்கள்.