பூட்டனின் ஊர், பூட்டியின் உறுதியில்

கோலாலம்பூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வேர் தேடி யாழ்ப்பாணம் வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரு பெயரோடும் ஓர் ஊரோடும்தான் வருகிறார்கள். பூட்டன் பெயர் கந்தையா, ஊர் தெல்லிப்பழை. வலிகாமத்தில் கந்தையாக்களுக்கா பஞ்சம்?

மலாயாவில் 1885இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு முதல் ரயில் ஓடியது. பாதை நீள நீள, மிஷன் பள்ளிகளில் ஆங்கிலம் படித்த நம் இளைஞர்கள் ஸ்டேசன் மாஸ்டராகவும் கிளாக்கராகவும் நில அளவையாளராகவும் அங்கே போனார்கள். தந்தை செல்வா 1898இல் பிறந்தது ஈப்போவில். சிங்கப்பூரின் முதல் வெளியுறவு அமைச்சர் எஸ். ராஜரத்தினம் வட்டுக்கோட்டையில் பிறந்து சிரம்பானில் வளர்ந்தவர். ஓய்வுபெற்றுத் திரும்பியவர்களை ஊர் ‘மலாயன் பென்சனியர்’ என்று மரியாதையாக அழைத்தது. திரும்பாதவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று தேடி வருகிறார்கள்.

வேர் தேடும் மற்றவர்களோடு ஒப்பிட்டால் நம் சிக்கல் புரியும். ரஷ்யப் பேரரசி இரண்டாம் கத்தரீனா 1763இல் விடுத்த அழைப்பை ஏற்று வோல்கா கரையில் குடியேறிய ஜெர்மானியரின் வழிவந்தோர் பலர், 1870களில் சலுகைகள் பறிபோன பிறகு அமெரிக்காவுக்கும் அர்ஜென்டினாவுக்கும் பெயர்ந்தார்கள். அவர்களின் சந்ததியாருக்குக் குடும்பப் பெயர் என்ற பிடி உண்டு. தேவாலயப் பதிவேடு, கப்பல் பட்டியல் என்று அதைப் பற்றிக்கொண்டே பின்னால் போகலாம். நமக்கு அது இல்லை. தகப்பன் பெயர் மகனுக்கு முதலெழுத்தாகி, பேரன் காலத்தில் மறைந்துபோகிறது.

ஆனால் நமக்கு வேறொரு பிடி இருக்கிறது. அது பெண்களின் பெயரில் இருக்கிறது. ஒல்லாந்தர் 1707இல் தொகுப்பித்த தேசவழமைச் சட்டத்தில் முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று சொத்து பிரிகிறது. வளவும் வீடும் சீதனமாக மகளுக்குப் போகும். கலியாணம் முடித்தவன் பெண்வீட்டில் குடியிருப்பான். ஆகவே அப்பப்பாவின் ஊர் என்று குடும்பம் சொல்லிவருவது பலவேளை அப்பாச்சியின் ஊராக இருக்கும். பூட்டனை மட்டும் விசாரித்துத் தெருத்தெருவாக அலைவதில் பயனில்லை. பூட்டியின் சீதன உறுதியைத் தேட வேண்டும்.

அந்த உறுதியைக் கவனமாக வாசிக்க வேண்டும். நம் காணிகளுக்குத் தனித்தனிப் பெயர் உண்டு. அளவு பரப்பிலும் குழியிலும் இருக்கும். 16 பரப்பு ஓர் ஏக்கர். பிறகு நான்கு எல்லைகள்: கிழக்கே இன்னாருடைய காணி, வடக்கே ஒழுங்கை, தெற்கே இன்னார் மனைவி இன்னாள். பங்கு பிரித்த காணி என்றால் அந்த எல்லைக்காரர்கள் அனேகமாகச் சகோதரர்கள், ஒன்றுவிட்டவர்கள். ஒரே தாளில் அரைவாசி வம்சாவளி! நொத்தாரிசின் பெயரும் இலக்கமும் கிடைத்தால் காணிப் பதிவகத்தில் முந்திய உறுதிக்கும் போகலாம். அதற்கும் அப்பால் ஒல்லாந்தர் காலப் பதிவேடான தோம்பு.

ஓலைச் சாதகம் கையில் இருந்தால் ஓர் எச்சரிக்கை. பிரபவ வருடம் 1867இலும் பிறந்தது, 1927இலும் பிறந்தது. 60 வருடம் பிசகினால் தகப்பனும் மகனும் இடம் மாறிவிடுவார்கள்.

இறந்தவருக்கான அந்தியேட்டிக் கிரியையன்று கொடுக்கும் கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகத்தை யாரும் எறிய வேண்டாம். திதி வெண்பாவையும் புலம்பலையும் தாண்டினால் பல புத்தகங்களில் வம்சாவளி இருக்கும். மலாயாவில் இறந்த தம்பியின் பெயர்கூட அங்கேதான் அகப்படும். நூலக நிறுவனம் இவற்றை எண்ணிமப்படுத்தி வருவது பெரிய தொண்டு. 1981இல் யாழ் நூலகத்தோடு சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் எரிந்தன. 1995 ஒக்டோபர் 30 இடப்பெயர்வில் வீடுகளில் விட்டுப்போன பெட்டகங்களோடு உறுதிகளும் சாதகங்களும் போயின. மிஞ்சியது ஒரு பிரதிதான் என்றால் அதை எண்ணிமப்படுத்தக் கட்டாயம் கொடுக்க வேண்டும்.

உறுதி என்பது காணி உள்ளவர்களின் சாட்சி. சாதியின் பெயரால் நிலம் மறுக்கப்பட்டவர்களைத் தோம்பு வரிக்கும் ஊழியத்துக்கும்தான் எழுதியது. அவர்களின் பேரப்பிள்ளைகளுக்குப் பாடசாலை இடாப்பும் தேவாலய ஞானஸ்நானப் பதிவேடும் வயது போனவர்களின் வாய்ச்சொல்லுமே வழி. அப்படிப்பட்ட ஓர் ஆச்சி எங்காவது இருந்தால், இந்தக் கிழமையே போய் அவரிடம் அவருடைய தாயின் பெயரையும், தாயின் தாய் பெயரையும் கேட்டு எழுதி வையுங்கள்.