ஒரே ஊரில் ஜாகை. நாலு ஊரில் உலா!

ஐரோப்பாவுக்குப் போய் வருவது என்றால் சாமானியக் காரியமா? குடும்பத்தோடு போவதானால் பல வருடச் சேமிப்பு கரைந்துவிடும். விசா வாங்க வேண்டும். விமானச் சீட்டு வாங்க வேண்டும். குளிருக்குக் கம்பளிச் சட்டை வாங்க வேண்டும். இத்தனையும் செய்துவிட்டு அங்கே போய், பாதி நாளைப் பெட்டி தூக்குவதிலேயே கழித்தால் எப்படி இருக்கும்?

பலருக்கு அப்படித்தான் நேர்கிறது. பார்க்க வேண்டிய ஊர்களை எல்லாம் வரிசையாக எழுதுகிறார்கள். தங்க வேண்டிய ஊர் எது என்று மட்டும் யோசிப்பதில்லை.

பெட்டிக் கணக்கு

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பார்க்க வேண்டியவை நாலு ஊர்கள். ஊருக்கு ஓர் ஓட்டல் என்று ஏற்பாடு. அப்படியானால் மூன்று முறை ஜாகை மாற வேண்டும்.

பெரும்பாலான ஓட்டல்களில் காலை 11 மணி வாக்கில் அறையைக் காலி செய்யச் சொல்வார்கள். அடுத்த ஓட்டலில் பிற்பகல் 2 மணிக்கோ 3 மணிக்கோதான் அறை கொடுப்பார்கள். ஒரு மாற்றத்துக்கு அரை நாள் என்று வைத்தாலும் ஒன்றரை நாள் போய்விடும். ஒரு வாரப் பயணத்தில் இது லேசான நஷ்டமா?

வயதான தாயார் கூட வந்தால் கஷ்டம் இன்னும் அதிகம். அங்கே பழைய வீதிகள் பல கருங்கல் பதித்தவை. சக்கரம் வைத்த பெட்டி அவற்றில் எளிதில் உருளாது.

ஆகவே ஓர் ஊரில் தங்குங்கள். மற்ற ஊர்களுக்குக் காலையில் போய் மாலையில் திரும்புங்கள். ஆனால் எந்த ஊரில் தங்குவது?

பெல்ஜியத்தைப் பாருங்கள்

பெல்ஜியம் சின்ன நாடு. அங்கே பிரஸ்ஸல்ஸ் நகருக்கும் மெக்கலென் நகருக்கும் இடையே 1835-ம் ஆண்டிலேயே ரெயில் ஓடத் தொடங்கியது. இன்று நாடெங்கும் ரெயில் பாதை வலைபோல் பின்னிக் கிடக்கிறது.

பயணிகள் விரும்பிப் பார்ப்பவை நாலு ஊர்கள். தலைநகரான பிரஸ்ஸல்ஸ், துறைமுக நகரான ஆன்ட்வெர்ப், வாய்க்கால்கள் நிறைந்த புரூஜ், பழைய கோட்டை உள்ள கென்ட்.

அழகுக்குப் பேர் போனது புரூஜ். அதனால் பலர் அங்கேயே அறை எடுக்கிறார்கள். தேசப் படத்தை விரித்துப் பாருங்கள். புரூஜ் ஓர் ஓரத்தில் இருக்கிறது. அங்கிருந்து பிரஸ்ஸல்சுக்கு ரெயிலில் சுமார் ஒரு மணி நேரம். ஆன்ட்வெர்ப்புக்கு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம்.

கென்ட் நடுவில் இருக்கிறது. அங்கிருந்து புரூஜுக்குச் சுமார் 25 நிமிடம். பிரஸ்ஸல்சுக்குச் சுமார் 35 நிமிடம். ஆன்ட்வெர்ப்புக்குச் சுமார் ஒரு மணி நேரம். மூன்றுக்கும் நேர் ரெயில் உண்டு. பிரஸ்ஸல்ஸ் விமான நிலையத்திலிருந்தும் நேராக ரெயிலில் வந்து இறங்கலாம். உள்நாட்டு ரெயில்களில் இடம் முன்பதிவு செய்ய வேண்டியதில்லை.

பிரஸ்ஸல்சும் மோசமில்லை. லியேஜ், நாமூர் போன்ற கிழக்குப் பக்கத்து ஊர்களுக்கும் போக வேண்டுமானால் அதுவே வசதி. நீங்கள் போகும் ஊர்களைப் பொறுத்துத்தான் தங்கும் ஊர்!

திருட்டுப் போன ஓவியம்

தங்கும் ஊரும் பார்க்கத் தகுந்ததாக இருப்பது நல்லது. கென்ட் நகரின் பெரிய தேவாலயத்தில் வான் ஐக் சகோதரர்கள் தீட்டிய புகழ் பெற்ற ஓவியம் இருக்கிறது. பல பலகைகள் சேர்ந்த ஓவியம் அது. 1432-ம் ஆண்டில் முடிந்தது. அதில் ஒரு பலகை 1934-ம் ஆண்டில் திருட்டுப் போயிற்று. இன்றுவரை கிடைக்கவில்லை! அந்த இடத்தில் இப்போது இருப்பது நகல்தான்.

சைவ உணவுக்காரர்களுக்கும் ஒரு நல்ல செய்தி. வியாழக்கிழமைதோறும் சைவ உணவு சாப்பிடுங்கள் என்ற இயக்கத்துக்கு 2009-ம் ஆண்டிலேயே ஆதரவு கொடுத்த நகரம் கென்ட்.

அறை எடுக்குமுன் கேளுங்கள்

ரெயில் நிலையத்திலிருந்து ஓட்டல் எவ்வளவு தூரம்? கென்ட் நகரின் பெரிய ரெயில் நிலையத்திலிருந்து பழைய கடைவீதி 2 கிலோமீட்டருக்கு மேல். தினமும் ரெயில் ஏறுகிறவர்கள் நிலையத்துக்குப் பக்கத்திலோ, டிராம் போகும் வழியிலோ அறை எடுப்பது நல்லது.

லிப்ட் உண்டா? பழைய கட்டிடங்கள் பலவற்றில் இராது.

தங்கும் வரி சேர்ந்த வாடகையா? பல நகரங்களில் இந்த வரியைத் தனியாக வாங்குகிறார்கள்.

இரவில் திரும்பி வரக் கடைசி ரெயில் எத்தனை மணிக்கு? புறப்படும் முன்பே குறித்துக்கொள்ளுங்கள்.

ஊர்ப் பெயரிலும் கவனம் வேண்டும். பெல்ஜியத்தில் ஓர் ஊருக்கு இரண்டு பெயர் இருக்கும். டச்சு மொழியில் ‘பெர்கன்’ என்பதும் பிரெஞ்சு மொழியில் ‘மோன்ஸ்’ என்பதும் ஒரே ஊர்தான்! இரண்டையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டால் இறங்கும் இடம் தவறாது.

டிசம்பரில் அங்கே மாலை 5 மணிக்கு முன்பே இருட்டிவிடும். ஜூன் மாதத்தில் இரவு 10 மணி வரை வெளிச்சம் இருக்கும். அதற்குத் தகுந்தபடி திட்டம் போடுங்கள்.

விசாவுக்கும் வசதி

பெல்ஜியம் போக இந்தியர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். பல நாடுகளுக்குப் போகிறவர்கள், எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறார்களோ அந்த நாட்டிடம் மனுச் செய்ய வேண்டும். தங்கும் இடத்துக்கு அத்தாட்சியும் காட்ட வேண்டும். ஒரே ஓட்டல் என்றால் ஒரே அத்தாட்சி. வேலை சுலபம்.

ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். போக ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும் ஊரென்றால், போய் வரவே மூன்று மணி நேரம் ஓடிவிடும். அப்படிப்பட்ட ஊர்கள் பல இருந்தால் இரண்டாவது ஜாகை பார்ப்பதில் தவறில்லை.

நாள் முழுதும் சுற்றிவிட்டு மாலையில் கால் வலிக்கத் திரும்புகிறோம். அதே தெரு. அதே சாவி. காலையில் வைத்த இடத்திலேயே பெட்டி. அம்மா சற்றுக் காலை நீட்டிப் படுக்கலாம். நாளைக்கு எந்த ஊர் என்று பிள்ளைகள் கேட்கலாம். பட்ட செலவுக்குப் பலன் இதுதானே!