மோதிர விரலும் கைகாட்டி மரமும்

சென்ற பொங்கல் விழாவில் நம் சங்க மேடையில் 'இளைய நிலா' பாட்டைக் கிட்டாரில் வாசிப்பதாக நிகழ்ச்சி நிரலில் அச்சாகியிருந்த என் பேத்தி, அன்று மேடை ஏறவில்லை என்பதை அன்பர்கள் பலர் கவனித்திருப்பீர்கள். அதன் பிறகு பார்த்த இடத்திலெல்லாம் "குழந்தைக்கு என்ன ஆச்சு?" என்று விசாரித்தீர்கள். களமசேரி எச்.எம்.டி. சந்திப்பில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தபோதுகூட ஓர் அன்பர் கேட்டார். "கையில் கொஞ்சம் வலி" என்று சொல்லி நகர்ந்துவிட்டேன். அது பாதி உண்மை. அந்த வலியைக் கொடுத்தவன் நான்தான் என்பது மீதி.

"நம் பிள்ளைகள் நிறையப் பேர் கிட்டார் கற்கிறார்கள், விரல் பயிற்சி பற்றி எழுதுங்களேன்" என்று மலர் ஆசிரியர் கேட்டபோது இரண்டு நாள் தயங்கினேன். நான் வித்துவான் அல்ல. டிப்ளமா படித்துவிட்டு ரயில்வேயில் சிக்னல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆனால் விரல்களை எப்படிப் பழக்கக் கூடாது என்பதைச் சொந்த வீட்டிலேயே கற்றுக்கொண்டவன் என்ற தகுதி எனக்கு உண்டு. அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

கொச்சியில் கிட்டார் என்பது புதிய சங்கதி அல்ல. ஃபோர்ட் கொச்சி, மட்டாஞ்சேரிப் பக்கம் டிசம்பர் மாதம் நடந்தால், நாலு வீட்டுக்கு ஒரு வீட்டில் தந்தி மீட்டும் ஓசை கேட்கும். 1990-இல் 'கிரவுண்ட் ஜீரோ' என்ற இசைத்தொகுப்பை வெளியிட்ட 13 ஏ.டி. என்ற ராக் குழு இந்த ஊர்க்காரர்களுடையதுதான். என் பேத்தியும் ஞாயிற்றுக்கிழமைகளில் மெட்ரோவும் படகும் மாறி மட்டாஞ்சேரிக்குப் போய் ஒரு மாஸ்டரிடம் கற்கிறாள். கூடப் போகிற உத்தியோகம் எனக்கு.

அவள் கற்பது 'ஃபிங்கர்ஸ்டைல்' என்னும் முறை. பிளாஸ்டிக் வில்லையால் தந்திகளை மொத்தமாக வருடாமல், விரல்களாலேயே தனித்தனியாக மீட்டுவது. வலது கைக் கட்டைவிரல் தடித்த மூன்று தந்திகளில் கீழ் ஸ்வரங்களைக் கவனித்துக்கொள்ளும். ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றும் மெல்லிய தந்திகளுக்கு ஆளுக்கொன்றாக. சுண்டுவிரலுக்குப் பெரும்பாலும் ஓய்வு. ஆக, ஒரே கையில் ஒருவர் பாடுகிறார், இன்னொருவர் பக்கவாத்தியம் வாசிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இளையராஜா அவர்கள் லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் தேர்வில் தங்கப் பதக்கம் பெற்றாரே, அந்த கிளாசிகல் கிட்டாருக்கும் அடிப்படை இந்த விரல் முறைதான்.

நம் வீணைக்கும் இது அன்னியமில்லை. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் நான்கு வாசிப்புத் தந்திகளை மீட்ட, சுண்டுவிரல் பக்கத்திலுள்ள மூன்று தாளத் தந்திகளைத் தன் பாட்டுக்குத் தட்டிக்கொண்டிருக்கும். வீணை வாசிக்கும் பாட்டியோ அத்தையோ உள்ள வீட்டுப் பிள்ளைகள் அந்தச் சுண்டுவிரலை ஒரு நாள் உட்கார்ந்து பார்க்கட்டும்.

பேத்திக்குத் தகராறு மோதிர விரலில் வந்தது. மற்ற விரல்கள் தெளிவாக மீட்ட, இது மட்டும் பிந்தி வரும். வந்தாலும் சத்தம் அமுங்கியிருக்கும். மோதிர விரலை அசைத்தால் நடுவிரலும் கூடவே எழுந்து நிற்கும். "தாத்தா, இந்த விரலுக்குப் பலமே இல்லை" என்றாள். பலம் இல்லையென்றால் பலம் ஏற்ற வேண்டியதுதானே? இன்ஜினீயர் மூளை அப்படித்தான் போகும். ஒரு பலகை, நான்கு ஸ்பிரிங், விரல் நுழைக்க நான்கு தோல் வளையம். நடுவிரலைப் பலகையோடு கட்டிவைத்துவிட்டு, மோதிர விரலை மட்டும் ஸ்பிரிங்கை எதிர்த்து மேலே இழுக்க வேண்டும். காலையில் இருபது நிமிடம், மாலையில் இருபது நிமிடம். போதாததற்குக் கடையில் விற்கும் கைப்பிடி ஸ்பிரிங் ஒன்றும் வாங்கிக் கொடுத்தேன். மாஸ்டரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அசத்திக் காட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை.

மூன்றாவது வாரம் மணிக்கட்டின் மேற்புறம் வீங்கிவிட்டது. தட்டிலிருந்து சோறு எடுக்கும்போது அவள் முகம் சுளித்ததைப் பார்த்து என் மகள்தான் கண்டுபிடித்தாள். ஒரு வாரமாகவே வலித்திருக்கிறது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், "தாத்தா கஷ்டப்பட்டுச் செஞ்சு கொடுத்தது, அதான்" என்கிறாள். பதின்மூன்று வயதுக் குழந்தை. என் மகள் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவள் ஒன்றும் பேசவில்லை.

ஆறு வாரம் கிட்டாரைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொன்னார். பொங்கல் நிகழ்ச்சி போன கதை இதுதான். அவர் நல்ல மனிதர். நான் ரயில்வேக்காரன் என்று தெரிந்ததும், ஒரு தாளில் கையின் படம் வரைந்து அரை மணி நேரம் விளக்கினார். அவர் சொல்லச் சொல்ல, நான் முப்பது வருடம் பார்த்த சிக்னல் கேபின் கண்முன் வந்து நின்றது.

பழைய ஸ்டேஷன்களில் கேபினுக்குள் ஒரு லீவரை இழுத்தால், அதிலிருந்து கிளம்பும் கம்பி தண்டவாள ஓரமாகச் சிறு கப்பிகள் மேல் ஓடிப்போய், தொலைவில் நிற்கும் கைகாட்டி மரத்தின் கையை அசைக்கும். மரத்தில் சக்தி எதுவும் கிடையாது, சக்தி எல்லாம் கேபினில். நம் விரலும் அப்படியே. விரலுக்குள் தசையே இல்லை. மடக்கி நீட்டும் பெரிய தசைகள் முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே இருக்கின்றன, சில சிறிய தசைகள் உள்ளங்கையில் இருக்கின்றன. அங்கிருந்து தசைநாண்கள் கம்பிபோல மணிக்கட்டைத் தாண்டி விரலுக்குப் போகின்றன. விரலின் உட்புறம் அவற்றைத் தாங்கும் வளையங்களை மருத்துவர்களும் கப்பி என்றே சொல்கிறார்களாம். கேட்டதும் எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இனி மோதிர விரல் விஷயம். நான்கு விரல்களையும் நீட்டுவதற்கு ஒரு பொதுத் தசை உண்டு. ஆள்காட்டி விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் அதற்கு மேல் சொந்தமாக ஒவ்வொரு தசை கூடுதல். நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் அந்தச் சலுகை இல்லை. போதாக்குறைக்குப் புறங்கையில் மோதிர விரலின் நாணைப் பக்கத்து விரல்களின் நாண்களோடு குறுக்குப் பட்டைகள் பிணைத்திருக்கின்றன. கேபினில் இதைத்தான் இன்டர்லாக்கிங் என்போம். ஒரு லீவர் ஒரு நிலையில் இருந்தால் வேறொரு லீவர் நகராது.

நம்பாதவர்கள் இப்போதே சோதித்துப் பார்க்கலாம். உள்ளங்கையை மேஜைமேல் கவிழ்த்து வையுங்கள். நடுவிரலை மட்டும் உள்ளே மடக்கி அழுத்திக்கொள்ளுங்கள். கட்டைவிரலைத் தூக்குங்கள், தூக்க வரும். ஆள்காட்டி விரல், சுண்டுவிரல், அவையும் வரும். மோதிர விரலைத் தூக்குங்கள் பார்ப்போம். பயில்வானாக இருந்தாலும் திணறுவார். என் பலகையில் நான் செய்யச் சொன்னது, இந்தப் பூட்டை எதிர்த்து ஸ்பிரிங் போட்டு இழுக்கும் வேலையை. பூட்டின லீவரை இழுத்தால் லீவர் வராது, வேறு ஏதாவதுதான் பிய்யும்.

இந்தத் தப்பைச் செய்த முதல் ஆள் நான் அல்ல என்பது பிறகு படித்தபோது தெரிந்தது. ஜெர்மானிய இசைமேதை ராபர்ட் ஷூமன் (1810–1856) இளமையில் பியானோ வித்துவானாக வேண்டும் என்று உழைத்தவர். விரல் பயிற்சிக்கு ஒரு கருவியையும் பயன்படுத்தியிருக்கிறார். 1830-களின் தொடக்கத்தில் வலது கை விரல் கெட்டுப்போய், மேடை வாசிப்பையே கைவிட நேர்ந்தது. கருவியால் வந்த வினை என்பார் உண்டு, வேறு நோய் என்பாரும் உண்டு. அவர் பாடல் இயற்றுவதில் இறங்கிப் புகழ் பெற்றார். எல்லோருக்கும் அப்படி வாய்க்காது.

பலம் வேண்டாமென்றால் வேறு என்னதான் வேண்டும்? தந்தியை மீட்ட விரல் ஒரு சென்டிமீட்டர்கூட நகர வேண்டியதில்லை. உள்பக்கம் சற்று மடங்க வேண்டும், உடனே தளர வேண்டும். மேலே தூக்கவே வேண்டாம். அந்தச் சின்ன எல்லைக்குள் மோதிர விரல் போதிய அளவு சுதந்திரமாகவே இருக்கிறது. பழக வேண்டியது மூளை. எந்த விரலுக்கு எப்போது உத்தரவு, மற்ற விரல்கள் எப்போது சும்மா இருக்க வேண்டும் என்று அது கற்க வேண்டும். கைப்பிடி ஸ்பிரிங் செய்வது இதற்கு நேர் எதிர். எல்லா விரலும் ஒரே சமயத்தில் இறுக வேண்டும் என்று பழக்குகிறது.

ஆறு வாரம் கழிந்தபின் மாஸ்டரிடம் போய் நடந்ததை ஒப்புக்கொண்டேன். அவர் கோபிக்கவில்லை. முதலில் கிட்டாரை வாங்கிப் பார்த்தார். தந்தி பலகையிலிருந்து மிக உயரமாக நின்றது. பன்னிரண்டாவது ஃபிரெட்டில் (வீணையில் மெட்டு என்போமே, அதுதான்) அளந்தால் 4 மில்லிமீட்டர். இத்தனை உயரத்தை அழுத்த யாருக்கும் பலம் போதாதுதான். அதை இரண்டரைக்குக் கொண்டுவந்தோம். கணக்கு சுலபம். பன்னிரண்டாவது ஃபிரெட் தந்தியின் நட்டநடுவில் இருப்பதால், அங்கே 1 மில்லிமீட்டர் குறைய, அடிப்பக்கம் தந்தியைத் தாங்கும் வெள்ளைப் பட்டையில் 2 மில்லிமீட்டர் தேய்க்க வேண்டும். 3 மில்லிமீட்டர் அரம் போட்டேன். என் இன்ஜினீயரிங் இந்தக் குடும்பத்துக்கு உருப்படியாகப் பயன்பட்ட இடம் இது ஒன்றுதான். சிறு பிள்ளைகளுக்கு எஃகுத் தந்தியைவிட நைலான் தந்திக் கிட்டார் நல்லது. இழுவிசை ஏறக்குறையப் பாதிதான் இருக்கும். நம் ஊர் உப்புக் காற்றில் துருவும் பிடிக்காது.

இடது கைக்கு மாஸ்டர் சொன்ன சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. ஃபிரெட்டுக்கு ஒட்டினாற்போல விரலை வைத்து, தந்தியை மீட்டிக்கொண்டே அழுத்தத்தை மெல்ல மெல்லக் குறைத்துக்கொண்டு வர வேண்டும். ஒரு கட்டத்தில் தந்தி கரகரக்கும். அதற்கு ஒரு மயிரிழை மேலே எவ்வளவு அழுத்தமோ, அவ்வளவே தேவை. பேத்தி அதுவரை அழுத்திக்கொண்டிருந்தது அதைப்போல மூன்று பங்காவது இருக்கும்.

பிறகு நான்கு விரல்களையும் அடுத்தடுத்த நான்கு ஃபிரெட்டுகளில் வரிசையாக வைக்கும் பயிற்சி. இதை முதல் ஃபிரெட்டில் தொடங்குவது தவறு. 650 மில்லிமீட்டர் நீளத் தந்தியில் முதல் நான்கு ஃபிரெட்டுகளுக்கு 134 மில்லிமீட்டர் அகலம். ஐந்திலிருந்து எட்டு வரை 106 தான். சின்னக் கைக்கு இந்த வித்தியாசம் பெரிது. ஐந்தில் தொடங்கி, பழகப் பழக ஒவ்வொன்றாகக் கீழே இறங்கலாம். ஒரு விரல் வைத்தபின் அடுத்ததை வைக்கும்போது முந்தையது எழுந்துவிடாமல் இருக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும்.

வலது கைக்கு இத்தாலியரான மௌரோ ஜூலியானி 1812-இல் வெளியிட்ட 120 பயிற்சிகள் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன. இடது கைக்கு இரண்டே இரண்டு பிடிகள்தான். மூளை முழுவதும் வலது கைக்கே. கட்டைவிரல், ஆள்காட்டி, நடு, மோதிரம் என்று ஏறுவது. மோதிரத்திலிருந்து திரும்பி இறங்குவது. இப்படி மாற்றி மாற்றி. நம் ஸரளி வரிசை மாதிரிதான். பேத்திக்கு அதை அப்படியே சொன்னேன், மூன்று காலத்தில் செய்யச் சொன்னேன். மெட்ரோனோம் 60-இல் ஓடும், முதலில் ஒரு தட்டுக்கு ஒரு ஸ்வரம், பிறகு இரண்டு, பிறகு நான்கு. நான்கில் மோதிர விரல் அமுங்கினால் மறுபடி இரண்டுக்கு வந்துவிட வேண்டும்.

கட்டைவிரல் தனியாக ஓடுவதற்கு அமெரிக்காவின் மெர்ல் டிராவிஸ் (1917–1983) பெயரிலேயே ஒரு முறை இருக்கிறது. கட்டைவிரல் இரண்டு தடித்த தந்திகளை மாறி மாறி, கடிகாரம்போல் தட்டிக்கொண்டே இருக்கும். மேலே மற்ற விரல் மெட்டு வாசிக்கும். அவரோ பெரும்பாலும் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டுமே கொண்டு வாசித்தவர். 1928-இல் தீ விபத்தில் இடது கையின் இரண்டு விரல்கள் முடங்கிப்போன ஜாங்கோ ரைன்ஹார்ட், மிச்சமிருந்த இரண்டு விரல்களை வைத்தே உலகத்தை வியக்கவைத்தார். இதைக் கேட்டபின் பேத்தி தன் மோதிர விரலைப் பற்றிக் குறைசொல்வது குறைந்தது.

இதற்கு நான் ஒரு பரீட்சை வைத்திருக்கிறேன். கட்டைவிரலை ஓடவிட்டுவிட்டு, பதின்மூன்றாம் வாய்ப்பாட்டைச் சொல்ல வேண்டும். அவள் மலையாளத்தில் சொல்வாள், பள்ளிக்கூடப் பழக்கம். வாய்ப்பாடு முடியும்வரை தட்டு தவறாமல் இருந்தால்தான் அடுத்த விரலைச் சேர்க்கலாம். முதலில் கட்டைவிரலோடு ஒன்றாக விழும்படி, பிறகு இரண்டு தட்டுகளுக்கு நடுவே விழும்படி. பாட்டு கற்கும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதில் பாதி வேலை மிச்சம். வாய் ஒரு பக்கம் பாட, ஆதி தாளத்துக்குக் கை ஒரு தட்டு, பிறகு சுண்டுவிரல், மோதிர விரல், நடுவிரல் என்று எண்ணுகிறதே, அதே வித்தைதான் இது.

பெற்றோர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இடது கை விரல் நுனியில் தோல் எரிவதும் காய்த்துப்போவதும் இயல்பு, சில வாரங்களில் சரியாகும். மணிக்கட்டில், முன்கையில் வலி, வீக்கம், விரலில் மரத்துப்போவது, கூச்சம் எடுப்பது இவை எல்லாம் வேறு. அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். குழந்தை தானாகச் சொல்லும் என்று காத்திருக்க வேண்டாம், நீங்களே கேளுங்கள். எங்கள் வீட்டில் இப்போது பத்து நிமிடம் வாசிப்பு, ஐந்து நிமிடம் ஓய்வு. அந்த ஐந்து நிமிடத்தில் நானும் கிட்டாரை எடுத்துத் தடவுவேன். அறுபத்தாறு வயதில் என் மோதிர விரலும் அவளுடையதைப் போலவே முரண்டு பிடிக்கிறது.

அந்தப் பலகையைப் பிரித்துப் போட்டாயிற்று. ஸ்பிரிங்குகளில் ஒன்று வாசல் கேட்டின் தாழ்ப்பாளுக்குப் போயிருக்கிறது. 'இளைய நிலா' இப்போது மெட்ரோனோம் 72-இல் தடங்கலில்லாமல் வருகிறது. ஓணம் விடுமுறைக்குள் 88-க்கு வந்துவிடும் என்கிறாள் அவள். 80 போதும் என்கிறேன் நான்.