புரதமும் விண்கல்லும்

கண்டி நகரின் அருகே, அந்தானை மலைச்சாரலில், அடிப்படைக் கற்கைகள் நிறுவகம் அமைந்துள்ளது. 1984 முதல் சில ஆண்டுகள் அதற்குத் தலைமை தாங்கியவர் காலியிற் பிறந்த பேராசிரியர் சிறில் பொன்னம்பெரும. 1948இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் மெய்யியற் பட்டம் பெற்றுப் பின்னர் இலண்டனில் பேர்னல் என்பாரிடம் பயின்ற இவ்வறிஞர், உயிரின் மூலப்பொருள்கள் உயிரின் துணையின்றித் தோன்றுமா என்னும் வினாவையே வாழ்நாளெல்லாம் ஆராய்ந்தார். அவ்வினாவின் அருமையை உணரப் புரதத்தின் கட்டமைப்பை நாம் முதற்கண் அறிதல் வேண்டும்.

தசையும் மயிரும் குருதியின் செம்பொருளும் புரதங்களே. இருபது வகை அமினோவமிலங்கள் சங்கிலியாய்த் தொடுக்கப்படுவதால் இவை அமைகின்றன. ஒவ்வோர் அமிலத்திலும் ஒருபுறம் நைதரசன் கொண்ட அமினோக் கூட்டமும், மறுபுறம் காபொட்சிற் கூட்டமும் உள. ஓரமிலத்தின் காபொட்சில் மற்றொன்றின் அமினோவை அடுக்கும்போது, இரண்டிற்கும் இடையே ஒரு நீர் மூலக்கூறு வெளியேற, காபனும் நைதரசனும் இணைகின்றன. இதுவே பெப்ரைட்டுப் பிணைப்பு. விகடகவி என்னுஞ் சொல்லை எம்முனையிலிருந்தும் படிக்கலாம். புரதத்திற்கு அச்சலுகை இல்லை. குருதிச் செம்பொருளின் ஒரு சங்கிலியில் 146 அமிலங்கள் உள. அவற்றுள் ஆறாவது மாறிய மரபைத் தாய் தந்தை இருவரிடமும் பெற்றோர்க்குச் செங்குருதிக் கலங்கள் அரிவாள்போல் வளைந்துவிடுகின்றன.

1969 செத்தெம்பர் 28ஆம் நாள் அவுத்திரேலியாவின் மேர்ச்சிசன் என்னும் ஊரில் விண்கல் வீழ்ந்தது. அதனுள் கிளைசீன், அலனீன் முதலிய அமினோவமிலங்கள் உள்ளனவென்று பொன்னம்பெருமவும் உடனுழைத்தோரும் 1970இல் வெளியிட்டனர். கல்லைத் தொட்டவர் கைவியர்வையே ஒட்டியிருக்கலாகாதா என வினவுதல் நியாயமே. அதற்கும் விடை கல்லுக்குள்ளேயே இருந்தது. கிளைசீன் ஒழிந்த ஏனைய அமிலங்கள் இடக்கையும் வலக்கையும்போல் இருவடிவு கொள்வன. உயிர்கள் தம் புரதங்களில் இடக்கை வடிவையே கையாள்கின்றன. கல்லிலோ இரண்டும் ஏறத்தாழச் சமமாயிருந்தன! அன்றியும், புரதங்களிற் காணப்படாத அமினோவமிலங்களும் அங்கே கிடைத்தன. சில அமிலங்களில் இடக்கை வடிவு சற்றே மிகுந்திருத்தல் பின்னாளிற் புலனாயிற்று. அதன் காரணம் இன்றும் ஆராயப்படுகின்றது.

எனினும் செங்கல் கிடைத்தமையால் வீடு எழுந்துவிட்டதென நாம் எண்ணுதல் கூடாது. பிணைப்பு உண்டாகையில் நீர் நீங்குகின்றதெனக் கண்டோம். ஆதலின் நீர் நிறைந்த ஆதிக்கடலில் அமிலங்கள் தாமே இணைதல் அரிது. இணைந்தவையும் மெல்லப் பிரியும். நம் உடற்கலங்கள் ஆற்றலைச் செலவிட்டே இணைப்பை நிகழ்த்துகின்றன. நனைந்தும் உலர்ந்தும் மாறும் நீர்க்கரைகளையும் களிமண்ணையும் ஆய்வாளர் நாடியது இதனாலேயாம். அவ்வழியிற் குறுஞ்சங்கிலிகள் கிடைத்துள்ளன. இன்சுலினில் உள்ளவாறு 51 அமிலங்கள் குறித்த ஒழுங்கில் நிற்கும் புரதமொன்று அவ்வாறு தானே அமைந்ததாக எவரும் இதுவரை காட்டவில்லை.