நாட்பட்ட தொற்றும் மனநோயும்: மறக்கக்கூடாத ஒரு பாடம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஐரோப்பிய மனநோய்க் காப்பகங்களில் ஒருவகை நோயாளிகள் பெருமளவில் இருந்தனர். தாம் பெருஞ்செல்வர், பேரரசர் என்று பிதற்றிய அவர்கள், படிப்படியாக நினைவிழந்து, உடல் முடங்கி, சில ஆண்டுகளில் மாண்டனர். ஒழுக்கக்கேடு, பரம்பரைக் குறை என்றெல்லாம் காரணம் கூறப்பட்டது.

1913இல், நியூயார்க்கிலுள்ள ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் ஹிடேயோ நொகுச்சியும் ஜே.டபிள்யூ. மூரும், அவ்வாறு இறந்தவர்களின் மூளையில் சிஃபிலிஸ் கிருமியைக் கண்டறிந்தனர். தொற்று ஏற்பட்டுப் பல ஆண்டுகள் கழிந்த பின்னரே மனம் சிதைந்ததால், இரண்டுக்கும் இடையிலான தொடர்பு எளிதில் புலப்படவில்லை. 1940களில் பென்சிலின் பயன்பாட்டுக்கு வந்தபின் இந்நோய் அரிதாயிற்று.

அதே கேள்வி இப்போது மனச்சிதைவு நோய் குறித்தும் எழுப்பப்படுகின்றது. பூனைகளின் கழிவு, சரியாக வேகாத இறைச்சி ஆகியவற்றின் வழியே பரவுவது டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி. அதற்கு எதிரான நோயெதிர்ப்புப் பொருட்கள் மனச்சிதைவு நோயாளிகளிடம் கூடுதலாகக் காணப்படுவதாக, 23 ஆய்வுகளைத் தொகுத்து 2007இல் வெளியான பகுப்பாய்வொன்று தெரிவித்தது.

ஆனால், தொடர்பு வேறு, காரணம் வேறு. இவ்வொட்டுண்ணி தொற்றிய கோடிக்கணக்கானோர் மனநோயின்றியே வாழ்கின்றனர். நோயாளியின் வாழ்க்கைச் சூழலே தொற்றுக்கு வழிவகுத்திருக்கவும் கூடும். ஒட்டுண்ணியை ஒழிக்கும் மருந்துகளால் மனச்சிதைவு குணமாகும் என்பதும் நிரூபிக்கப்படவில்லை.

ஆகவே, உரிய சிகிச்சையைக் கைவிட்டுக் கிருமியைத் தேடி அலைவது ஆபத்தானது. அதேவேளை, திடீரென மனம் பேதலித்த ஒருவருக்கு சிஃபிலிஸ், எச்ஐவி போன்றவற்றுக்கான இரத்தப் பரிசோதனையை மருத்துவர்கள் பரிந்துரைப்பதுண்டு. சூனியம் என்றும் குடும்பச் சாபம் என்றும் ஒதுக்கப்படுவோருள், குணப்படுத்தக்கூடிய தொற்றுடையவரும் இருக்கலாம்.