கடல் எழுதி வைத்த கணக்கு

அரியலூரை அணுகும்போது முதலில் கண்ணில் படுபவை சிமெண்ட் ஆலைகளும் சுண்ணாம்புக்கல் ஏற்றிச் செல்லும் லாரிகளுமே. வங்கக் கடல் இங்கிருந்து எண்பது கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. ஆயினும், நாங்கள் இவ்வூருக்குச் சென்றது ஒரு பழங்கடலின் அடித்தளத்தைக் காண்பதற்காகவே.

கோண்டுவானா என்னும் பெருநிலத்திலிருந்து இந்தியா பிரிந்தபோது அதன் கிழக்கு விளிம்பு தாழ்ந்தது, கடல் உட்புகுந்தது. கிரிட்டேசியஸ் காலத்தில் பல கோடி ஆண்டுகள் அக்கடல் இங்கே முன்னேறியும் பின்வாங்கியும் வந்தது. அதில் வாழ்ந்து மடிந்த உயிர்களின் ஓடுகள் அடுக்கடுக்காகப் படிந்து கல்லாயின. இப்படிவுகளை ஆராய்ந்த ஹென்றி பிளான்போர்டு, 1862-இல் வெளிவந்த தம் நூலில் அவற்றை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாக வகுத்தார். புவியியலாளர்கள் இன்றும் அப்பெயர்களையே வழங்குகின்றனர்.

அரியலூரை அடுத்த வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகத்தை முதலில் பார்த்தோம். ஆட்டுக்கடாவின் கொம்புபோல் சுருண்ட அம்மோனைட்டுகள் எங்களை நெடுநேரம் நிறுத்தி வைத்தன. கணவாயின் உறவினமான இவ்வுயிர்கள் ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், டைனோசர்கள் அழிந்த காலத்தில், உலகிலிருந்தே மறைந்தன.

பின்னர்க் கல்லங்குறிச்சிப் பக்கம் சென்றோம். ஓடை அரித்த கரையில் உள்ளங்கை அளவுள்ள சிப்பி ஒன்று பாதி புதைந்து தெரிந்தது. அதன் வயது ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகள். எங்களுடன் வந்த சிறுமி அதைப் பெயர்த்தெடுக்கக் கை நீட்டினாள். “ஒன்றே ஒன்றுதானே?” என்றாள். எங்களுக்கும் அவ்வாசை இல்லாமலில்லை. ஆனால், எந்த அடுக்கில் எவற்றோடு கிடக்கிறது என்பதே ஒரு படிவத்தின் வரலாறு. இடம் பெயர்த்தால், அது கணக்குப் புத்தகத்திலிருந்து கிழித்தெடுத்த தாள் போலாகிவிடும். தொகை தெரியும், தேதி தெரியாது. இதைச் சொன்னதும் அவள் கையை இழுத்துக்கொண்டாள். படம் மட்டும் எடுத்துக்கொண்டோம்.

மாலையில் ஒரு சுரங்கத்தைச் சாலையோரத்தில் நின்று பார்த்தோம். வெட்டுமுகத்தில் கடலின் அடுக்குகள் வரிவரியாகத் தெரிந்தன. அக்கல்லே சிமெண்டாகி நம் இல்லங்களின் சுவர்களாகிறது. பல குடும்பங்களுக்குச் சோறும் இடுகிறது. அதைக் குறை கூற நமக்கு மனம் வரவில்லை. எனினும், ஒருமுறை வெட்டிய அடுக்கு மீண்டும் படியாது. வெட்டுவதற்கு முன் ஆராய்ந்து, அரியவற்றைப் பதிவு செய்து காப்பது நம் தலைமுறையின் கடன்.

அன்பர்களே, குழந்தைகளுடன் ஒருமுறை சென்று வாருங்கள். அருங்காட்சியகத்திலிருந்து தொடங்குங்கள், சுரங்கங்களுக்குள் அனுமதியின்றி நுழையாதீர்கள். பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் உள்ள 18 மீட்டர் நீளக் கல்மரத்தையும் காணத் தவறாதீர்கள். கண்டு மகிழுங்கள், கல்லை அதன் இடத்திலேயே விட்டு வாருங்கள்.