உங்களுக்குத் தெரியுமா? ஹேர் டிரையரைக் காட்டி ஒரு விமானக் கடத்தல்!

பம்மல்காரர்களே, கொஞ்சம் மொட்டை மாடிக்கு வாங்க! அதோ ஒரு விமானம் தாழ்வாகப் பறக்கிறதே, அது இறங்கப் போகிற மீனம்பாக்கம் பெரிய ஓடுதளத்தின் நீளம் 3,658 மீட்டர்! இன்னொரு ஓடுதளம் அடையாற்றையே பாலம் போட்டுத் தாண்டுகிறது!

இதே சென்னையில் கிளம்புகிற விமானத்தைக் கடத்தி முழுசாக ஒரு தமிழ்ப் படமே வந்துவிட்டது. 'பயணம்'! ரிலீஸ் 2011 பிப்ரவரி 11. டெல்லி போக வேண்டிய விமானம். இறங்கியது எங்கே? திருப்பதியில்!

இயக்குநர் யார் தெரியுமா? 'மொழி', 'அபியும் நானும்' தந்த அதே ராதாமோகன்! மென்மையான குடும்பக் கதைக்காரர் கையில் கமாண்டோ படை!

கமாண்டோ மேஜராக நாகார்ஜுனா. பெரிய ஹீரோ. ஆனால் படம் முழுக்கத் தேடினாலும் அவருக்கு ஒரு டூயட் கிடையாது!

எடுத்தது ஒரு கதை, வந்தது இரண்டு படம்! தமிழில் 'பயணம்', தெலுங்கில் 'ககனம்'. இரண்டும் ஒரே நாளில் தியேட்டருக்கு வந்தன!

படத்தில் கடத்தல்காரர்கள் விடுவிக்கச் சொல்லிக் கேட்கிற தீவிரவாதி செத்துப் போய்விடுகிறான். அரசாங்கம் என்ன செய்கிறது? அவனைப் போலவே இருக்கிற ஒரு நடிகரைப் பிடிக்கிறது! அவருக்கு நடிப்புச் சொல்லிக் கொடுக்க ஒரு சினிமா டைரக்டர். அந்த டைரக்டர் யார்? பிரம்மானந்தம்!

அந்த விமானத்தில் ஒரு சினிமா ஹீரோவும் மாட்டிக்கொள்கிறார். பெயர், 'ஷைனிங் ஸ்டார்' சந்திரகாந்த். நடித்தவர் பப்லு பிருத்விராஜ். பக்கத்து சீட் ரசிகர் விடவில்லை. நூறு பேரை அடிக்கிற நீங்கள் இந்தச் சில பேரை அடிக்க மாட்டீர்களா என்று உசுப்பேற்றுகிறார்!

இது கதை. இப்போது நிஜம்! 1993 மார்ச் 27. டெல்லியிலிருந்து மதராஸுக்குக் கிளம்பிய இந்தியன் ஏர்லைன்ஸ் விமானத்தை ஒரே ஒரு ஆள் கடத்தினார். உடம்பில் வெடிகுண்டு என்று மிரட்டினார். அமிர்தசரஸில் இறக்கிப் பார்த்தால், அது ஹேர் டிரையர்!

அந்த வருஷம் அதோடு நிற்கவில்லை. 1993-இல் ஜனவரி முதல் ஏப்ரல் வரை இந்தியாவில் எத்தனை கடத்தல்? 4!

அந்த நான்கில் முதலாவது, ஜனவரி 22, லக்னோ. கடத்தியவர் பணம் கேட்கவில்லை. வாஜ்பாயைப் பார்க்க வேண்டும் என்றார். வாஜ்பாய் நேரிலேயே போனார்! ஆள் சரணடைந்தார்!

கடைசியாக நடந்தது ஏப்ரல் 24. அமிர்தசரஸில் நின்ற விமானத்துக்குள் கறுப்புப் பூனைக் கமாண்டோக்கள் பாய்ந்தார்கள். ஆபரேஷனின் பெயர் 'அஸ்வமேத்'. உள்ளே இருந்த 141 பேரும் பத்திரம். எடுத்துக்கொண்ட நேரம், சுமார் 5 நிமிடம்!

அந்தக் கறுப்புப் பூனைப் படை உருவானது 1984-இல். அதன் சென்னை மையம் எங்கே இருக்கிறது? நம்ம வண்டலூர் பக்கத்து நெடுங்குன்றத்தில்!

சிங்கப்பூர் கமாண்டோக்கள் இன்னும் வேகம்! 1991 மார்ச்சில் சாங்கி ஏர்போர்ட்டில் நின்ற சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானத்துக்குள் புகுந்தார்கள். கடத்தல்காரர்கள் 4 பேர். கதை முடிய ஆன நேரம் 30 விநாடி!

1978-இல் பொம்மைத் துப்பாக்கியும் கிரிக்கெட் பந்தும் வைத்துக்கொண்டு லக்னோ-டெல்லி விமானத்தைக் கடத்தினார்கள் இருவர். கோரிக்கை? இந்திரா காந்தியை விடுதலை செய்ய வேண்டும்! 1980-இல் அந்த இருவரும் என்ன ஆனார்கள்? எம்.எல்.ஏ.!

இன்னொரு பொம்மைத் துப்பாக்கி ஒரு நாட்டையே சுற்றவிட்டது! 1971 ஜனவரி 30-இல் ஸ்ரீநகரில் கிளம்பிய 'கங்கா' விமானத்தை லாகூருக்குக் கடத்தினார்கள். இந்தியா தன் வான்வழியை மூடியது. அப்புறம் கராச்சியிலிருந்து டாக்காவுக்குப் போகிற பாகிஸ்தான் விமானங்கள் இலங்கையைச் சுற்றித்தான் பறந்தன!

1984 ஆகஸ்ட். டெல்லியில் ஓர் இளம் அதிகாரி. ஒரு விமானக் கடத்தலைச் சமாளிக்கிற குழுவில் அவரும் ஒருவர். வீட்டுக்கு வர முடியாது என்று அம்மாவுக்கு போன் போடுகிறார். பிறகுதான் தெரிகிறது, அப்பாவே அந்த விமானத்தில்! அப்பா, திருச்சியில் பிறந்த பாதுகாப்பு நிபுணர் கே. சுப்ரமணியம். மகன், பின்னாளில் வெளியுறவு அமைச்சரான எஸ். ஜெய்சங்கர்!

1982 ஜூன் 30. ஓர் இலங்கைக்காரர் இத்தாலியின் அலிடாலியா ஜம்போ ஜெட்டைக் கடத்தினார். கேட்டது, பிரிந்திருந்த மனைவி, மகன், கூடவே 3,00,000 டாலர். மூன்றும் கிடைத்தன! அவரைத் தண்டிக்க இலங்கையில் சட்டமே இல்லை. கடத்திய பிறகு சட்டம் போட்டுத்தான் உள்ளே தள்ளினார்கள்!

காத்மாண்டுவில் கிளம்பி டெல்லிக்கு வர வேண்டிய ஐ.சி. 814 போன ஊர்களைப் பாருங்கள். அமிர்தசரஸ், லாகூர், துபாய், காந்தஹார்! 1999 டிசம்பர் 24 முதல் 31 வரை, 8 நாள்!

அந்தச் சம்பவம் மலையாளத்துக்கும் போனது. மோகன்லாலின் 'காந்தஹார்', 2010. அமிதாப் பச்சன் நடித்த முதல் மலையாளப் படம் அதுதான்!

'நீர்ஜா' (2016) படத்தின் நிஜ நாயகி நீர்ஜா பனோட். 1986 செப்டம்பர் 5, கராச்சியில் விமானக் கடத்தல். பயணிகளைக் காப்பாற்றி உயிரை விட்டார். அசோக சக்ரா பெற்ற முதல் பெண்! 23-வது பிறந்தநாளுக்கு இன்னும் 2 நாள்தான் பாக்கி!

ஆக்‌ஷன் என்றால் பம்மலுக்கும் பங்கு உண்டு! 2002 பொங்கலுக்கு வந்த 'பம்மல் கே. சம்பந்தம்' படத்தில் கமல் ஒரு ஸ்டன்ட்மேன். அதே கதை 2009-இல் இந்தியில் 'கம்பக்த் இஷ்க்' ஆனது. அதில் தலைகாட்டியவர் யார் தெரியுமா? சில்வெஸ்டர் ஸ்டாலோன்! பம்மலில் கிளம்பிய கதை ராம்போவிடம் போய் நின்றது!

கடைசியாக ஒன்று, இதை நம்பவே மாட்டீர்கள்! உலகின் முதல் விமானக் கடத்தலாகப் பதிவானது 1931-இல், தென் அமெரிக்காவின் பெரு நாட்டில். விமானி பைரன் ரிக்கார்ட்ஸ். 1961-இல் அமெரிக்காவில் இன்னொரு விமானக் கடத்தல். விமானி? அதே பைரன் ரிக்கார்ட்ஸ்! இடைவெளி 30 வருஷம்!